மழைக்கும் போகாதது

வெள்ளை போகாமல் உன்னை விடமாட்டேன். காம்போரத்தில் ஒளிந்துகொண்டால் எனக்குத் தெரியாதா? இப்படித் திரும்பு. முகத்தைக் காட்டு. என் பிள்ளையின் வாய்க்குள் போகப்போகிறாய், அழுக்கு மூஞ்சியோடா போவாய்?

இதெல்லாம் அவள் மனதுக்குள் திராட்சையோடு பேசுவது. வாய்விட்டுப் பேசினால் முழுக் கிறுக்கு என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே பாதி கிறுக்கு என்றுதான் வீட்டில் பேச்சு.

கழுவுதொட்டியை ஒட்டி மூன்று பாத்திரங்கள் வைத்திருப்பாள். முதலில் ஓடும் தண்ணீரில் அலசல். பிறகு உப்பும் சமையல் சோடாவும் கரைத்த அகலமான பாத்திரத்தில் ஊறல். கடைசியில் நல்ல தண்ணீர். திராட்சையைக் கொத்தாகக் கழுவுவது அவளுக்குப் பிடிக்காது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு பழமாக நறுக்கியெடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டுவாள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் படிந்திருக்கும் வெள்ளை உருட்ட உருட்டக் கரையும். அடியிலிருந்து கறுப்புப் பளபளப்பு எழும். அந்தப் பளபளப்பைக் கண்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

"அம்மா, போயிடுச்சா?" என்று சாப்பாட்டு மேஜையிலிருந்து மகள் கேட்பாள்.

"போயிடுச்சு கண்ணு."

"எல்லாம்?"

"எல்லாம் போயிடுச்சு."

இந்தக் கேள்வியும் பதிலும் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு தக்காளித் துண்டுகூட மகளின் வாய்க்குள் போனதில்லை. அந்த நேரத்தில் அவள் கணவர் கடையிலிருந்து படியேறி வந்தால், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்வார்: "என்ன, உங்கம்மா திராட்சைக்குத் தலைக்கு ஊத்தி முடிச்சாச்சா? பவுடர் போட்டுவிடுறதுதான் பாக்கி."

"நீங்க பேசாதீங்கப்பா. நேத்து அம்மா தேய்ச்ச தேய்ப்புல கத்தரிக்காய்க்கு வலிச்சிருக்கும்."

"கத்தரிக்காயை விடு. உன்னைச் சின்ன வயசுல குளிப்பாட்டுறப்ப எங்கிட்ட ஓடிவருவியே, அதை நெனைச்சுப் பாரு."

மகள் சிரிப்பாள். அவரும் கையை நீட்டி, கழுவி வைத்த கிண்ணத்திலிருந்து முதல் பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். தினமும் அப்படித்தான். மகள் சாப்பிடும் முன் அவர் ஒன்று சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தானாகவே வந்த பழக்கம். அதைப் பார்க்கும்போது அவளுக்கு, இத்தனை வருஷம் இவரோடு குடும்பம் நடத்தியதில் ஏதோ ஒன்று சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று தோன்றும்.

கீழே கடை, மேலே வீடு. கடையில் பூச்சிமருந்து, விதை, தெளிப்பான்கள். அந்த வாசனை படியேறி வந்து திரைச்சீலையில், தலையணையில், துவைத்து மடித்த துண்டில்கூட உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் மூக்கைச் சுளிப்பார்கள். வீட்டிலிருப்பவர்களுக்கு அது வெறும் காற்று. அவருடைய சட்டைகளை மட்டும் அவள் தனி வாளியில் ஊறவைப்பாள். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மகள் சிறுமியாக இருந்தபோது கடையின் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். காலி டப்பாக்களின் மூடிகளில் கண்ணும் மூக்கும் வரைந்து வரிசையாக அடுக்கி, அவற்றுக்கு டீச்சராக இருப்பாள்.

போன வருஷம் மகளுக்கு வயிற்றில் வந்தது தங்கவில்லை. "இதுதான் காரணம்னு ஒண்ணைக் காட்ட முடியாதும்மா. சில சமயம் இப்படி ஆகும்" என்று டாக்டரம்மா சொன்னார். மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. காரணம் இல்லாமல் ஒரு குழந்தை எப்படிப் போகும்? அவள் செல்போனில் தேடித் தேடிப் படித்தாள். எதையெதையோ படித்துவிட்டு, கடைசியில் காய்கறியில் வந்து நின்றாள். கீரையைத் தொடுவதில்லை. பழத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. தனியாக இருக்கப் பயந்து இங்கே வந்திருக்கிறாள். எலும்பு தெரியும் கழுத்தோடு வந்தவளை டாக்டரம்மா கண்டித்தார். "நல்லாக் கழுவிட்டு எல்லாத்தையும் சாப்பிடுங்க. சாப்பிடாம இருக்கிறதுதான் பெரிய கெடுதல்."

அன்றிலிருந்துதான் அந்த மூன்று பாத்திரங்கள்.

காய்கறியில் வந்து நின்றவள் அதற்கு மேல் ஒரு படி எடுத்து வைக்கவில்லை. வைத்திருந்தால் அடுத்தது இந்த மாடிப்படிதான். அது மகளுக்கும் தெரியும். அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறவள் அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். தாயும் கண்ணை மூடிக்கொண்டு, கையை மட்டும் தண்ணீரில் வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் கடைக்குக் குடைக்காரர் வந்தார். வெயிலானாலும் மழையானாலும் கக்கத்தில் குடையோடு திரிவதால் அந்தப் பெயர். ஊருக்கு வெளியே திராட்சைப் பந்தல் போட்டிருப்பவர், கடைக்குப் பழைய வாடிக்கை. அவர் குரல் கேட்டதும் அவள் இரண்டு டம்ளர் தேநீரோடு படியிறங்கினாள். படி திரும்பும் இடத்தில் ஒரு பெட்டி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை நகர்த்தக் குனிந்தாள்.

"போன தடவை அடிச்ச மறுநாளே மழை. அத்தனையும் வழிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பந்தலுக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, நான் தரைக்குப் பாத்திருக்கேன்" என்றார் குடைக்காரர்.

"அது மேல ஒட்டுற ரகம்ணே. இது வேற" என்றது அவள் கணவரின் குரல். கடைக்குரல். வீட்டில் பேசுவதைவிட ஒரு சுற்று பெரியது. "இது உள்ள போறது. வேர்ல ஊத்துனீங்கன்னா தண்டுல ஏறி, இலைக்குப் போயி, பழம் வரைக்கும் போயிடும். மாவுப்பூச்சி ஒரு வாய் சாறு உறிஞ்சினா அங்கேயே காலி. மழை பேஞ்சா என்ன, வெள்ளமே வந்தா என்ன? நீங்க உக்காந்து கழுவுனாலும் போகாது. அதுதானே இதோட விசேஷம்!"

"அதெல்லாம் சரி. பழம் பழுக்க ஆரம்பிச்சிடுச்சே. நீங்க போன வாரம் குடுத்த டப்பாவுல என்னமோ ஊத்துனப்புறம் ரொம்ப நாள் வெட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு. என் பேத்தி படிச்சுக் காட்டுனா."

மேஜை விசிறி திரும்பும் சத்தம் மட்டும்.

"போட்டிருக்கத்தான் செய்யும். விட்டா நல்லதுதான். உங்க சௌகரியத்தைப் பாத்துக்கங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "யாருண்ணே அப்படியே பிச்சு வாயில போடுறா? எல்லாரும் வீட்டுல கழுவித்தானே சாப்பிடுறாங்க."

"அதுவும் சரிதான்."

"வெட்டுறவங்களை மட்டும் பாத்துக்கங்க. கை பட்டு அந்த வெள்ளை போயிடப் போகுது. அது பழத்தோடது, தானா பூக்குறது. அது இருந்தாத்தான் புதுசுன்னு நம்பி வாங்குவான்."

அவள் குனிந்தபடியே இருந்தாள். நகர்த்த வேண்டிய பெட்டியின் மேல் இரண்டு கைகளும் இருந்தன. விரல்நுனிகளில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. உப்பும் சோடாவும் தின்ற விரல்கள்.

தேநீரில் ஆடை படிந்துவிட்டிருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"வாம்மா தங்கச்சி. பாப்பா எப்படி இருக்கா? உண்டாயிருக்கான்னு தம்பி சொன்னாரு. அதான் அவளுக்குன்னு ஒரு கூடை கொண்டாந்தேன். பந்தல்லேருந்து நேரா வருது."

கூடை நிறையத் திராட்சை. மேலே ஈரத்துணி. துணியை விலக்கினால் ஒவ்வொரு பழத்தின் மேலும் அந்த வெள்ளை, யார் விரலும் படாமல்.

"எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்" என்றார் அவள் கணவர்.

இதற்கு எப்போது மருந்து வைத்தீர்கள் என்று அவர் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கூடையை வாங்கி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே வந்து கூடையைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதைவிட அற்பமான ஒன்று வந்தது, வெட்கம். ஆளில்லாத அறையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தவளை யாரோ நெடுநேரமாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றதைத் தெரிந்துகொண்டதுபோல. காம்போரம், வெள்ளை, அழுக்கு மூஞ்சி என்று எத்தனை திட்டு திட்டியிருப்பாள். அந்தப் பழத்தில் ஒரு பாவமும் அறியாதது அந்த வெள்ளை ஒன்றுதான்.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. ஒரே வாய், ஒரே மூச்சு. கழுவினாலும் போகாது என்று விற்று, கழுவித்தானே சாப்பிடுகிறார்கள் என்று அனுப்பிவைத்தது. முதல் வாக்கியம் பூச்சிக்கு. இரண்டாவது யாருக்கு? எனக்கு என்று நினைத்துக்கொண்டாள். எனக்கும், என்னைப்போல எங்கெங்கோ கழுவுதொட்டி முன்னால் நிற்கிற பெண்களுக்கும். எங்கள் கைகளை நம்பித்தான் இவர் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்.

சாயங்காலம் வெள்ளரிக்காயைக் கழுவி, நறுக்கி, மகளின் முன்னால் வைத்தாள்.

"போயிடுச்சாம்மா?"

"கழுவிட்டேன் கண்ணு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "போயிடுச்சா?"

"நல்லாக் கழுவியிருக்கேன்."

மகள் ஒரு துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, அப்புறம் சாப்பிடுறேன் என்று எழுந்து போனாள். வெள்ளரித் துண்டுகள் ஓரம் காய்ந்து தட்டிலேயே கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. வெறும் சோறு, இல்லையென்றால் ரொட்டி. கன்னத்தில் கொஞ்சம் ஏறியிருந்த சதை ஓரிரு நாள் பட்டினியில் வடிந்துவிடாது. தாயின் கண்ணுக்கு வடிந்ததாகவே பட்டது. இரண்டு வார்த்தை. இரண்டு வார்த்தையை நான் வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பட்டினி போடுகிறேன். நான் யாரைத் தண்டிக்கிறேன்?

கீரையை ஆய்ந்துகொண்டிருந்தபோது கணவர் சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்தார். அவர் அந்த அறைக்குள் வருவதே அபூர்வம்.

"என்ன ஆச்சு உனக்கு? பிள்ளை எதையும் தொடமாட்டேங்குறா."

"அந்த வெள்ளை மருந்து இல்லையாமே" என்றாள் அவள்.

"எந்த வெள்ளை?"

"திராட்சை மேல இருக்கிறது."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். படி, தேநீர், குடைக்காரர் எல்லாம் அவர் முகத்தில் வரிசையாக வந்துபோயின.

"அது பழத்தோடது."

"உங்களுக்குத் தெரியும்."

"இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு அது தெரியாமயா?"

"நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறதைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. பவுடர் போடச் சொல்லிக் கேலியும் பண்ணீங்க."

"அதுல உனக்கு ஒரு நிம்மதி இருந்துச்சு. நான் எதுக்குக் கெடுக்கணும்?" அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. "நீ கழுவுறது வீணுன்னு யார் சொன்னா? மேல இருக்கிற தூசி தும்பு, மேல அடிச்ச மருந்து, பாதிக்கு மேல போகத்தான் செய்யும். டாக்டரும் அதத்தானே சொன்னாங்க."

"உள்ள போனது?"

"உள்ள இருக்கிறது துளியூண்டு. கண்ணுக்கே தெரியாது. ஊர் உலகமே சாப்பிடுது. நாமளும் இத்தனை வருஷமா சாப்பிட்டு, நமக்கு என்ன..."

அங்கே நின்றுவிட்டார். வாக்கியம் போய்ச் சேரும் இடம் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. அவர் திரும்பி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கம்பியில் துருவை நகத்தால் சுரண்டினார். அந்த முதுகு எப்போது இவ்வளவு கூனியது?

"டாக்டர் காரணம் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னாங்க" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

"ஆமா."

"அப்புறம் என்ன?"

அவள் கீரையிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள். அவர் திரும்பினார்.

"இங்க பாரு. நீ என்னை என்ன வேணா சொல்லிக்க. கடையை மூடச் சொல்லு, அதைப்பத்திப் பின்னால பேசலாம். இப்ப அவ சாப்பிடணும். குடைக்காரர் குடுத்தது இருக்கில்ல, அதக் கழுவி அவ முன்னால வை. எப்பவும் சொல்ற மாதிரி சொல்லு. ஒரு வார்த்தைதானே? அதுல உனக்கு என்ன கொறைஞ்சு போகுது?"

"குடைக்காரர் அதுக்கு எப்ப மருந்து வெச்சாராம்?"

"கேக்கல" என்றார்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா அவரு சொல்லுவாரு." சொன்ன பிறகு அவருக்கே அது விநோதமாகப் பட்டிருக்கவேண்டும். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நீ சொன்னாத்தான் அவ சாப்பிடுவா. நான் சொன்னா நம்பமாட்டா."

நம்பமாட்டாளா? அவள் கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே நினைத்தாள். அப்பா சொன்னால் மகள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். அதனால்தான் இவர் இதுவரை ஒருநாளும் அதை வாயால் சொன்னதில்லை. ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். சொல்வதை எனக்கு விட்டுவிட்டார். நான் போயிடுச்சு என்று சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு நிம்மதி அடைந்தது மகள் மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் படியேறி வந்து, என் வாயால் தன்னைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறார்.

அது அன்பு இல்லை என்றும் சொல்லமுடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் பழத்தை அவர் சாப்பிட்டது நடிப்பென்றால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே சாப்பிட்டிருக்கிறார். மகளுக்குள் போவது தனக்குள்ளும் போகட்டும் என்றிருக்கலாம். கேட்டால் அவருக்கே தெரியாது.

அவள் எழுந்து கூடைத்துணியை விலக்கினாள். இரண்டு நாளில் பழங்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. பழக்கம் கைகளை இழுத்துக்கொண்டு போயிற்று. ஓடும் தண்ணீர், உப்பும் சோடாவும், நல்ல தண்ணீர். கணவர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெள்ளையைத் தேய்க்கவில்லை. வழக்கமாகப் பழத்தோடு பேசும் பேச்சும் வரவில்லை. தண்ணீரில் அலசி எடுத்தபோதும் அந்த வெள்ளை பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

சொல்லிவிட்டால் என்ன என்று கடைசி முறையாகத் தன்னைக் கேட்டுக்கொண்டாள். சாப்பிடாவிட்டால் கெடுதல், அது நிச்சயம். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், அதுவும் உண்மைதான். எத்தனை நாள் சொல்லியாயிற்று. ஆனால் தெரியாமல் சொன்னவரைக்கும் அது சமையலறையில் சொன்ன வார்த்தை. இனிமேல் சொன்னால், கீழே கடையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வது.

கிண்ணத்தை மேஜைக்குக் கொண்டுபோனாள். மகள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து, மேஜைவிரிப்பின் பிரிந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் நடந்த முணுமுணுப்பு அவளுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கணவரும் வந்து எதிரில் உட்கார்ந்தார். வழக்கம்போலக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டியவர், எதனாலோ பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அம்மா" என்றாள் மகள். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "எனக்கு ஆசையாத்தான் இருக்கு. சாப்பிடணும்னுதான் இருக்கு. போயிடுச்சான்னு மட்டும் சொல்லேன்."

"மேல இருந்தது போயிருக்கும் கண்ணு."

"மேல இருந்ததுன்னா?"

கணவர் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எதற்கும் அவளிடம் அப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. "சொல்லேன்மா" என்றார் மெதுவாக. "எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லு."

அவள் புடவைத் தலைப்பில் கைகளைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, உரிந்த நுனிகள் எரியாதபடி. பிறகு மகளின் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தை மேஜையின் குறுக்கே அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நான் சொல்லலீங்க" என்றாள். "நீங்க சொல்லுங்க."

மகளின் முகம் அப்பாவை நோக்கித் திரும்பியது.